காணாமல் போன ஐந்து மாத்திரைகள்

பீரோவில் மூன்றாவது அட்டை இல்லை.

புடவை மடிப்புக்கு அடியில், கடலூர் மருந்துக்கடையின் பழுப்புக் கவருக்குள், ஐந்து மாத்திரைகள் கொண்ட ஓர் அட்டை இருந்திருக்க வேண்டும். கவர் இருந்தது, பில் இருந்தது. கவரைத் தலைகீழாக உதறினேன். புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டேன். அட்டை மட்டும் இல்லை.

அது ஒரு ஜூன் மாதக் காலை. மாதவிலக்கின் மூன்றாம் நாள். அன்றைக்கு ஆரம்பித்து ஐந்து நாள் தவறாமல் போட வேண்டிய மாத்திரை. சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் எனக்கு வேலை. விடைத்தாள் கட்டுகளைச் சரிபார்ப்பதும், ஒரு தாள் குறைந்தால் அது யார் கையில் போனது என்று துருவுவதும்தான் பதினொரு வருடமாக என் பிழைப்பு. அதனால் எங்காவது விழுந்திருக்கும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. யார் எடுத்தது என்றுதான் முதலில் தோன்றியது.

அந்த மாத்திரை எதற்கென்று சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி ஏழு வருடம் ஆகியும் எனக்குக் குழந்தை இல்லை. மாதாமாதம் கருமுட்டை சரியாக வளர்வதில்லை என்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பெண் டாக்டர் கண்டுபிடித்தார். முட்டை வளர்வதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். என் கணவர் கடலூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அவருடன் வேலை செய்யும் ஒருவர், "அந்த மாத்திரை போட்டா ரெட்டைதான் மச்சான், தொட்டில் ரெண்டா வாங்கி வை" என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குள் ஓர் ஆசை. வயது முப்பத்து நான்கு. ஒரே தடவையில் இரண்டு பிறந்துவிட்டால் மறுபடி இந்த அலைச்சல் இல்லையே என்று.

டாக்டரிடமே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"இந்த மாத்திரையில கர்ப்பம் ஆகுறவங்க நூறு பேரை எடுத்துக்கிட்டா, ஏழெட்டு பேருக்கு ரெட்டை இருக்கும். மத்தவங்களுக்கு ஒண்ணுதான். மூணு வர்றது ரொம்ப அபூர்வம். ஆனா ரெட்டைன்னா ஏதோ லாபம்னு நெனைக்காதீங்க. கொறை மாசத்துல பொறக்கலாம், எடை கொறையலாம், அம்மாவுக்கு பிரஷர் வரலாம். எத்தனை முட்டை வளருதுன்னு ஸ்கேன்ல பார்த்துக்கிட்டேதான் இந்த மாத்திரையக் குடுக்கணும்."

சிதம்பரத்துக் கடைகளில் அந்த மாத்திரை சில சமயம் கிடைக்காது என்பதால் கடலூரிலேயே மூன்று அட்டை வாங்கி வந்தேன். முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் மாதம் ஸ்கேன் பார்த்த டாக்டர், "மூணு முட்டை பெருசா வளர்ந்திருக்கு. இந்த மாசம் ரெண்டு பேரும் தள்ளி இருங்க. அடுத்த மாசம் மாத்திரை வேணாம், ஓய்வு. அதுக்கு அடுத்த மாசம் பாதி மாத்திரை போதும்" என்று சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் எனக்கு டாக்டர் மேலேயே சந்தேகம் வந்தது. முட்டை வளரவில்லை என்றுதானே போனோம்? வளர்ந்தால் வேண்டாம் என்கிறாரே? பஸ்ஸில் என் கணவரிடம், "வேணும்னே இழுத்தடிக்கிறாங்க" என்று புலம்பினேன். டாக்டர் சொன்னதை மதித்து நடந்தோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் முடியாது. அந்த வாரம் என் கணவருக்கு நைட் ஷிப்ட், தானாகவே தள்ளி இருந்தோம்.

அந்த ஓய்வு மாதம் முடிந்து, பாதி மாத்திரை போட வேண்டிய மூன்றாம் நாளில்தான் அட்டை காணாமல் போயிருந்தது.

முதலில் மருந்துக்கடைக்காரர் மேல் சந்தேகப்பட்டேன். பில்லில் பதினைந்து என்று இருந்தது. போன் போட்டேன். "மேடம், மூணு அட்டையும் உங்க கையிலதான் குடுத்தேன். நீங்க ரெண்டு தடவை எண்ணிப் பார்த்தீங்க" என்றார். எண்ணியிருப்பேன்.

அடுத்தது என் கணவர். மாத்திரை போட்டால் எனக்குத் தலைவலியும் எரிச்சலும் வரும்; அந்த நாட்களில் அவர் பாடு திண்டாட்டம். எடுத்து ஒளித்துவிட்டாரோ என்று கேட்டேன்.

"நான் எதுக்கு எடுக்கப் போறேன்? எனக்கா முட்டை வளரணும்?" என்று சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே கிளம்பிவிட்டார்.

பிறகு மாமியார். என் மாமியார் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று பிள்ளை பெற்று வளர்த்தவர். இந்த மாத்திரையெல்லாம் கர்ப்பப்பையைச் சூடாக்கிக் கெடுத்துவிடும் என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். பீரோ சாவி ஃப்ரிட்ஜ் மேல்தான் இருக்கும், யாரும் எடுக்கலாம். சமையலறைக்குப் போய்க் கேட்டேன்.

"அத்தை, பீரோவுல ஒரு மாத்திரை அட்டை வச்சிருந்தேன். பார்த்தீங்களா?"

"உன் பீரோவுல எனக்கு என்னா வேலை?"

"இல்ல, காணோம். அதான் கேட்டேன்."

"காணோம்னா என்னை எதுக்குக் கேக்குற? நான் எடுத்துத் தின்னு இந்த வயசுல பெத்துக்கப் போறேனா?"

அன்று முழுக்க அவர் என்னிடம் பேசவில்லை. அவர்தான் எடுத்துக் குப்பையில் போட்டிருப்பார் என்று எனக்கு முக்கால்வாசி உறுதியாகிவிட்டது. என் கணவர் அன்று மாலை கடலூரிலிருந்து புது அட்டை வாங்கி வந்தார். பாதி பாதியாக உடைத்துப் போட ஆரம்பித்தேன். பீரோ சாவியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

வீட்டில் நான் சந்தேகப்படாத ஒரே ஆள் என் ஓரகத்தி. என் கொழுந்தனாரின் மனைவி. காட்டுமன்னார்கோயில் பெண். அவளுக்கும் கல்யாணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. ஆனால் அவளை யாரும் குறை சொல்வதில்லை. என் கொழுந்தனார் சிங்கப்பூரில் எலக்ட்ரீஷியன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருகிறவர். அந்த வருடம் சித்திரை நடுவில் வந்து, ஜூன் ஆரம்பத்தில் திரும்பிப் போனார். அவரை ஏற்றிவிட்ட மறுநாளே அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அட்டை காணாமல் போன நாளில் அவள் வீட்டிலேயே இல்லை. அதனால்தான் அவள் பக்கம் என் புத்தி போகவில்லை.

பத்து நாள் கழித்து வந்தாள். பையைக் கீழே வைத்ததும் என்னிடம்தான் முதலில் சொன்னாள்.

"நாள் தள்ளிப் போயிருக்குக்கா. எங்க ஊர்ல கிட் வாங்கிப் பார்த்தேன். ரெண்டு கோடு."

கட்டிப் பிடித்துக்கொண்டேன். சந்தோஷம் பொய்யில்லை. ஆனால் அதற்குப் பிறகு வெகுநேரம் பாத்திரம் விளக்கினேன்; விளக்கியதையே மறுபடி விளக்கினேன். அந்த மாதம் எனக்கு மறுபடி விலக்காகிவிட்டது.

என் சந்தேகம் அவள் பக்கம் திரும்பியது அவள் கேட்ட ஒரு கேள்வியால். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தோம். அவள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

"ஏன்க்கா, நீங்க போடுற மாத்திரை இருக்கில்ல, அதைப் போட்டவங்கள ஸ்கேன் பண்ணா டாக்டருக்குத் தெரிஞ்சிடுமா?"

"என்னா தெரியும்?"

"மாத்திரை போட்டிருக்காங்கன்னு."

"யாருக்குக் கேக்குற?"

"எங்க ஊர்ல ஒருத்தங்க கேட்டாங்க."

கையிலிருந்த துணியை மடிக்காமல் அப்படியே வைத்திருந்தேன். இதே மாதிரி ஒரு நாள் துணி மடிக்கும்போதுதான் நான் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நாள், தினம் ஒன்று, ஒரே நேரத்தில். மூன்று முட்டை வளர்ந்தது, டாக்டர் ஓய்வு கொடுத்தது, இந்த மாதம் மாத்திரை கிடையாது என்றது, எல்லாம். அந்த ஓய்வு மாதத்தில்தான் என் கொழுந்தனார் ஊரில் இருந்தார். அந்த மாதம்தான் அந்த அட்டையை நான் தேட மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

எல்லாம் பொருந்தியது. ஆனாலும் நான் கேட்கவில்லை. பிள்ளையில்லாத நான், முழுகாமல் இருக்கும் ஒருத்தியிடம் போய் என் மாத்திரையைத் திருடினாயா என்று கேட்டு, அது தவறாகப் போனால்? வயிற்றெரிச்சல் என்று ஊரே சொல்லும். அதனால் கவனிக்க மட்டும் செய்தேன். கவனிக்கக் கவனிக்கச் சந்தேகம் வளர்ந்தது. மூன்றாம் மாதத்தில் ஸ்கேன் எடுக்கச் சொல்லி எங்கள் பகுதிச் சுகாதார நர்ஸ் எழுதிக் கொடுத்தார். அவள் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப் போட்டாள். ஒரு தடவை தலைசுற்றல், ஒரு தடவை அமாவாசை, ஒரு தடவை அவள் தம்பி பைக் ரிப்பேர்.

நான்காம் மாதம் முடியும்போது நர்ஸ் வீட்டுக்கே வந்தார். அவளைக் கட்டிலில் படுக்க வைத்து வயிற்றில் டேப் வைத்து அளந்தார். மறுபடி அளந்தார். என் மாமியார் காபி டம்ளரோடு பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"தேதி கரெக்டா சொன்னியாம்மா? சைஸ் ஜாஸ்தியா இருக்கே" என்றார் நர்ஸ். "ஸ்கேன் எடுக்கச் சொல்லி எத்தனை நாளாச்சு? இந்த வாரம் எடுக்கலன்னா நானே வந்து கூட்டிக்கிட்டுப் போவேன்."

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். என் மாமியார் காபி டம்ளரை நர்ஸ் கையில் கொடுக்காமல் ஜன்னல் மேல் வைத்துவிட்டு உள்ளே போனார்.

அன்று சாயங்காலம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது சமையலறைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்து நின்றார்.

"ஏம்மா, உன் கண்ணுக்கு அவளுக்கு எத்தனை மாசமாத் தெரியுது?"

"நாலுதானே அத்தை."

"நான் மூணு பெத்தவ. நாலு மாசத்துக்கு இம்மாம் வயிறு எங்கனா பார்த்திருக்கியா? எனக்கு ஆறு மாசமாத் தெரியுது. அவன் வந்து எறங்குனது சித்திரையில. நீதான் கணக்குல கெட்டியாச்சே, போட்டுப் பாரு."

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

"பங்குனியில ஊருல திருவிழான்னு சொல்லிட்டுப் போயி இருபது நாள் இருந்தா. இப்ப ஸ்கேன்னா பயப்படுறா. ஏன் பயப்படுறா? நீயே சொல்லு."

ஏன் பயப்படுகிறாள் என்று எனக்குத் தெரியும். அந்த வயிறு ஏன் பெரிதாக இருக்கிறது என்றும் ஓரளவு ஊகித்திருந்தேன். அந்த இடத்திலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. என் மாத்திரையை எடுத்தாளே, கொஞ்சம் படட்டும் என்று இருந்தது. இன்றைக்கு எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் இருந்தது இதுதான். இரண்டு நாள் அப்படியே இருந்தேன். அந்த இரண்டு நாளும் என் மாமியார் அவளிடம் தட்டை நகர்த்தி வைத்த விதத்தையும், அவள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்றாம் நாள் மதியம், ஆபீசில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது சிங்கப்பூரிலிருந்து போன் வந்தது. என் கொழுந்தனார்.

"அண்ணி, சாப்ட்டீங்களா?"

"இப்பதான் ஒக்காந்தேன். சொல்லுங்க."

"அம்மா போன்ல ஒரு மாதிரி பேசுறாங்க அண்ணி. நான் வர்றதுக்கு முன்னாடி அவ எப்படி இருந்தா, யாரு வூட்டுக்குப் போனான்னு கேக்குறாங்க. நான் எப்புடி அண்ணி சொல்லுவேன், நான் இங்க இருக்கேன். வூட்ல என்னா நடக்குது?"

"ஒண்ணும் நடக்கல."

"நேத்துலேர்ந்து அவகிட்ட பேசல. பேசுனா ஏதாச்சும் கேட்டுடுவனோன்னு எனக்கே பயமா இருக்குது. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க அண்ணி. நீங்க சொல்லுங்க, நான் நம்புறேன்."

"அது உங்க கொழந்தைதான். நாளைக்கு ஸ்கேன் எடுத்துட்டு நானே கூப்புடுறேன். அவகிட்ட எதுவும் கேக்காதீங்க" என்றேன். டப்பாவை மூடிவிட்டு அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தேன்.

வீட்டுக்குப் போனபோது அவள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"எத்தனை மாத்திரை போட்ட?"

"என்னா மாத்திரைக்கா?"

"என் பீரோவுல இருந்தது. அஞ்சும் போட்டியா, மிச்சம் வச்சிருக்கியா?"

கையிலிருந்த துணியைக் கொடியிலேயே மறுபடி போட்டாள்.

"அஞ்சும் போட்டேன். மூணாம் நாள்லேர்ந்து. நீங்க சொன்ன மாதிரியே."

"நான் உனக்கா சொன்னேன்?"

"நீங்க அந்த மாசம் போடலன்னுதான்கா எடுத்தேன். உங்களுக்கு வேணுங்கற மாசமா இருந்தா தொட்டிருக்கவே மாட்டேன். அவரு நாப்பது நாளுக்குத்தான் வந்தாரு. போனா இன்னும் ரெண்டு வருஷம். ஒருக்கா டாக்டர்கிட்ட போலாம்னு கேட்டேன். எனக்கும் ஒண்ணும் இல்ல, உனக்கும் ஒண்ணும் இல்ல, எதுக்கு டாக்டருன்னு சத்தம் போட்டாரு. நான் என்னா பண்றது?"

"என்கிட்ட கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

கொடுத்திருக்க மாட்டேன். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "எனக்குப் பயமா இருக்குக்கா. வயிறு இப்புடி ஏறுதே, அந்த மாத்திரையால உள்ள கட்டி ஏதாச்சும் வளருதோன்னு. ஸ்கேன்ல அது தெரிஞ்சிட்டா எல்லாரும் என்னைத் திருடின்னு சொல்லுவாங்க."

"அவுங்க அப்படி நெனைக்கல. அத்தை வேற மாதிரி நெனைக்குறாங்க" என்று சொல்லி, என் மாமியார் சமையலறையில் சொன்னதை அப்படியே சொன்னேன். அவளுக்குப் புரிய இரண்டு நிமிஷம் ஆனது. புரிந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிமெண்ட் சுட்டிருக்கும். எழுந்திருக்கவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாள் அவளைக் கடலூருக்கு அழைத்துப் போவதாக என் மாமியாரிடம் சொன்னேன். என் டாக்டரிடமே காட்டிவிடலாம் என்று.

"நானும் வர்றேன்" என்றார்.

"எதுக்கு அத்தை, உங்களுக்கு முட்டி வலி..."

"வர்றேன்னு சொன்னேன்."

பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து, நடுவில் நான் உட்கார்ந்தேன்.

டாக்டர் அறைக்குள் ஒருவர்தான் கூட வரலாம் என்று வாசலிலிருந்த பெண் சொன்னார். என் மாமியார் எழுந்தார். ஓரகத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. நான்தான் போனேன். உள்ளே டாக்டர் ஸ்கேன் திரையைப் பார்த்தார், கருவியை நகர்த்தினார், நிறுத்தினார், பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"இது ஒரு தலை. தோ, இது இன்னொரு தலை. ரெண்டு பேரு இருக்காங்க."

அவள் அழ ஆரம்பித்தாள். டாக்டர் காகிதத்தை எடுத்துக்கொண்டு வழக்கமான கேள்விகளைக் கேட்டார். கணவர் எங்கே வேலை, எத்தனை நாள் கூட இருந்தார், பிரஷர் உண்டா, சுகர் உண்டா, அம்மா வழியில் இரட்டை உண்டா. கடைசியாக, "கர்ப்பத்துக்கு மாத்திரை ஏதாச்சும் போட்டியா?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள்.

"போட்டா டாக்டர். என்னோட மாத்திரை" என்றேன்.

டாக்டர் பேனாவை மேஜையில் வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு அதே மாத்திரைக்கு மூணு முட்டை வளர்ந்துச்சு. நிறுத்தச் சொன்னேன். இந்தப் பொண்ணுக்கு எத்தனை வளர்ந்துச்சுன்னு யாரு பார்த்தா? ரெண்டோட நின்னுச்சு. மூணு, நாலுன்னு போயிருந்தா இன்னைக்கு நாம வேற பேச்சு பேசிக்கிட்டிருப்போம். என்னா தைரியம்மா உங்களுக்கெல்லாம்?"

"அப்ப அந்த மாத்திரையாலதான் ரெட்டையா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். மாத்திரை போடாதவங்களுக்கும் எண்பது, தொண்ணூறு பேர்ல ஒருத்தருக்கு ரெட்டை வரத்தான் செய்யுது. மாத்திரையால வாய்ப்பு ஜாஸ்தியாச்சு, அவ்ளோதான் சொல்ல முடியும். இவளுக்கு மாத்திரையே தேவைப்பட்டிருக்காது போல. புருஷன் கூட ஒரு வருஷம் சேர்ந்தாப்புல இருந்ததே இல்லையே, அதுக்குள்ள கொறைன்னு யாரு முடிவு பண்ணது?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெளியில எங்க அத்தை இருக்காங்க டாக்டர். மாத்திரைய மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள்.

டாக்டர் என் மாமியாரை உள்ளே கூப்பிடச் சொன்னார். வந்தவர் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்.

"எத்தனை மாசம் டாக்டர்?"

"நாலு மாசம் முடிஞ்சு அஞ்சாவது நடக்குது. பதினெட்டு வாரம். கொழந்தைங்க அளவும் அதுக்குச் சரியா இருக்குது."

"கொழந்தைங்களா?"

"ரெட்டைம்மா. அதனாலதான் வயிறு பெருசா இருக்குது. உக்காருங்க."

என் மாமியார் உட்கார்ந்தார். திரையை ஒருமுறை பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. "ரெட்டை எப்புடி வந்துச்சு?" என்றார்.

டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "சிலருக்கு வரும்மா" என்றார். பிறகு என்ன சாப்பிட வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை வர வேண்டும், எதற்கெல்லாம் உடனே ஓடி வர வேண்டும் என்று அரை மணி நேரம் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் என் மாமியார் தானாகவே நடுவில் போய் உட்கார்ந்தார். முட்லூர் தாண்டியதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"பரங்கிப்பேட்டையில எங்க பெரியப்பா வூட்ல ரெட்டை பொறந்துச்சு. ரெண்டும் பொண்ணு. எங்க வம்சத்துல உண்டு. அதான் வந்திருக்குது."

அப்பா வழிச் சொந்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பெற்றவளின் அம்மா வழிதான் கணக்கு என்று டாக்டர் ஒருமுறை எனக்குச் சொல்லியிருக்கிறார். என் மாமியார் ஓரகத்தியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து அன்றைக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை. ஓரகத்தி கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சிதம்பரம் வரும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சிங்கப்பூருக்குப் போன் போட்டேன். "ரெண்டு" என்று சொன்னதும் என் கொழுந்தனார் பேச முடியாமல் போனைப் பக்கத்திலிருந்த நண்பரிடம் கொடுத்துவிட்டார். யாரென்று தெரியாத அந்த ஆள்தான் எனக்கு வாழ்த்துச் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து, என் மாமியார் கீரை ஆய்ந்துகொண்டே சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார்.

"ஏம்மா, அன்னைக்கு உன் மாத்திரை அட்டை காணோம்னு வந்து நின்னியே, கெடச்சுதா?"

அவர் கண் கீரையில்தான் இருந்தது. கை மட்டும் நின்றிருந்தது.

"கெடச்சுது அத்தை. பீரோவுக்குப் பின்னாடி விழுந்து கெடந்துச்சு."

"அப்புடியா" என்றார். கை மறுபடி ஆய ஆரம்பித்தது. நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மார்கழியில், சிதம்பரத்தில் தரிசனக் கூட்டம் நெரிந்த வாரத்தில், அவளுக்குக் கால் வீங்கி பிரஷர் ஏறியது. டாக்டர் முன்பே சொன்னதுதான். கடலூருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். ஐந்து வாரம் முன்னதாக ஆபரேஷன் செய்து இரண்டையும் எடுத்தார்கள். ஓர் ஆண், ஒரு பெண். ஆணுக்கு எடை இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, பெண் அதைவிடக் குறைவு. பதினாறு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தார்கள். அந்தப் பதினாறு நாளும் நானும் என் மாமியாரும் முறை வைத்து அவளோடு இருந்தோம். ரெட்டை வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்ற முதல் நாளே போய்விட்டது. பெண் குழந்தையின் கை என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

நானும் ஓரகத்தியும் அந்த மாத்திரையைப் பற்றிப் பிறகு ஒரே ஒரு முறை பேசினோம். குழந்தைகளை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, பெண் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, "உங்க மாமாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். என் கணவரை அவள் அப்படித்தான் சொல்வாள். இல்லை என்றேன். அவள் நம்பினாள். அவள் அவ்வளவு சுலபமாக நம்பியது எனக்கு ஏனோ உறுத்தியது. நான் அவள் இடத்தில் இருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அடுத்த வருடம் எனக்கும் கரு நின்றது. பாதி மாத்திரையில், ஒரே ஒரு முட்டை வளர்ந்த மாதத்தில். ஸ்கேனில் ஒரு தலைதான் தெரிந்தது. நான் கடலூர் டாக்டரிடம் போய் வந்தது தெருவுக்கே தெரியும் என்பதால், பார்க்க வந்தவர்கள் என் வயிற்றைப் பார்த்து, "மாத்திரை போட்டும் ஒண்ணுதானா?" என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். சிலர் டாக்டர் எதையோ மறைக்கிறார் என்றுகூடச் சொன்னார்கள்.

மகள் பிறந்த மூன்றாம் நாள். கடலூர் ஆஸ்பத்திரி வார்டில், ஓரகத்தி ஒரு பிள்ளையை இடுப்பிலும் ஒன்றைக் கையில் பிடித்தும் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். இரட்டையைப் பார்த்ததும் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் விசாரித்தாள். என் மாமியார் பெரியப்பா வீட்டிலிருந்து ஆரம்பித்து முழுக் கதையையும் சொன்னார். நானும் ஓரகத்தியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம், பார்த்தால் சிரித்துவிடுவோம்.

என் மாமியார் தண்ணீர் பிடிக்க வெளியே போனதும், அந்தப் பெண் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"நெசமாவே வம்சத்துல வந்ததாக்கா? இல்ல, மாத்திரையா?"

"டாக்டருக்கே தெரியலங்க" என்றேன்.

அவள் நம்பவில்லை. ஓரகத்தி எனக்குச் சோறு போட ஆரம்பித்தாள்.